நான்கு மூலை வெட்டிய கடிதம்

அமெரிக்க ஜெயில் ஒன்றில் இருந்த தம்பிக்கு நான் போட்ட முதல் கடிதம் எட்டாம் நாள் என் வீட்டுக்கே திரும்பி வந்தது. கவரைப் பிரிக்கவே இல்லை. கூடவே ஒரு தாள். அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு காரணம். ஒரே ஒரு கட்டத்தில் பேனாவால் டிக் அடித்திருந்தார்கள்: ஸ்டிக்கர் அல்லது பசை.

கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடது மேல் மூலையில் என் பெயரும் முகவரியும் அச்சிட்ட சின்ன லேபிள். நன்கொடை கேட்கும் அமைப்புகள் இங்கே வீடு வீடாக இலவசமாக அனுப்பி வைப்பார்களே, அதுதான். வருஷக்கணக்கில் எல்லாக் கவரிலும் அதைத்தான் ஒட்டி வந்திருக்கிறேன். கையால் எழுதியிருந்தால் கடிதம் போயிருக்கும். அவன் அங்கே எட்டு நாள், அக்கா ஒரு வரி கூட எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

தம்பி என்றால் சித்தி மகன். கோவில்பட்டியிலிருந்து மேற்படிப்புக்கு வந்தவன். 2023 மார்ச்சில் ஒஹாயோ மாநிலத்தின் 88 கவுன்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) ஒன்றில் கைதாகி, அந்தக் கவுன்டி ஜெயிலில் நான்கு மாதம் இருந்தான். வழக்கு என்ன, ஜாமீனுக்கு ஏன் அத்தனை நாள் ஆனது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவன் சொல்ல வேண்டியது. அந்த நான்கு மாதமும் அவனுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி எனக்குப் போன் செய்து இதைக் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் எல்லாவற்றையும் ஜெயில் என்றுதான் சொல்வோம். அமெரிக்காவில் கவுன்டி ஜெயில் வேறு, மாநிலச் சிறை வேறு. தண்டனை பெற்றவர்கள் வருஷக்கணக்கில் இருப்பது மாநிலச் சிறையிலோ மத்திய அரசின் சிறையிலோ. கவுன்டி ஜெயிலைப் பெரும்பாலும் அந்தக் கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் நடத்துவார். விசாரணைக்குக் காத்திருப்பவர்கள், ஜாமீனுக்குப் பணம் கட்ட முடியாதவர்கள், சின்னத் தண்டனை பெற்றவர்கள் அங்கே இருப்பார்கள். 2023 ஜூன் கடைசிக் கணக்குப்படி நாடு முழுக்க இந்த ஜெயில்களில் சுமார் 6,64,000 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பு வராதவர்கள். சித்திக்கு நான் போனில் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். "தீர்ப்பு வரலை சித்தி, காத்துக்கிட்டு இருக்கான்." அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் தெருவில் யார் கேட்டாலும், ப்ராஜெக்ட் வேலை, பேச நேரமில்லை என்றுதான் சொல்லி வந்தார்.

கடிதம் போய்ச் சேர முதலில் சரியாக இருக்க வேண்டியது பெயர். இதில் நம் ஆட்கள் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஜெயில் இணையப் பட்டியலில் தம்பியின் பெயரை மூன்று முறை தேடினேன், வரவில்லை. சித்தப்பா பெயரைப் போட்டதும் வந்தது. ஊரில் ஓர் எழுத்து இனிஷியலாக இருந்த அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் விரிந்து, இங்கே குடும்பப்பெயராகிவிடுகிறது. பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, கவரில் எழுத வேண்டும். பக்கத்தில் புக்கிங் நம்பர், அதாவது உள்ளே சேர்க்கும்போது ஜெயில் கொடுக்கும் எண். அது இல்லாவிட்டால் ஒரே பெயரில் இருக்கும் வேறொருவருக்குப் போகும், இல்லையென்றால் திரும்பி வரும். சித்தப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த நான்கு மாதமும் காவலர்கள் தினமும் எண்ணிக்கை எடுக்கும்போது அவர் பெயரைச் சொல்லித்தான் இவனைக் கூப்பிட்டார்கள். "அப்பா பேரைக் காதால கேட்டு எத்தனை நாளாச்சு அக்கா" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான்.

மற்ற விதிகள் ஜெயிலுக்கு ஜெயில் மாறும். ஷெரிஃப் அலுவலக இணையதளத்தில் போட்டிருப்பார்கள், எழுதும் முன்பு ஒவ்வொரு தடவையும் பார்த்துவிடுங்கள், திடீரென்று மாற்றுவார்கள். எங்கள் ஜெயிலில் வெள்ளைத் தாள், நீலம் அல்லது கறுப்பு மை. ஸ்டேப்ளர் பின் கூடாது, க்ரேயான் கூடாது, வாசனை கூடாது. மினுமினுப்பு வாழ்த்து அட்டை கூடாது. உள்ளே வெற்றுத் தாளோ ஸ்டாம்போ வைக்கக் கூடாது. போட்டோ ஐந்து வரை. எடுத்தவுடன் வெளியே வரும் பொலராய்டு மட்டும் கிடையாது, ஏனென்றால் அது அடுக்கடுக்காக இருக்கும், நடுவில் எதையாவது வைத்து ஒட்டிவிடலாம். புத்தகம் என்றால் பதிப்பகமோ கடையோ நேரே அனுப்பும் புதிய, மெல்லிய அட்டை போட்ட புத்தகம்தான்; நாம் வீட்டிலிருந்து அனுப்ப முடியாது. கெட்டி அட்டைப் புத்தகம் பதிப்பகத்திலிருந்தோ கடையிலிருந்தோதான் வர வேண்டும் என்ற விதியை 1979-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இவை வெறும் கெடுபிடி என்று முதலில் கோபம் வந்தது. பிறகு காரணம் தெரிந்தது. போதைப் பழக்கத்துக்கு மருந்தாகக் கொடுக்கும் சுபாக்ஸோன், நாக்குக்கு அடியில் கரையும் மெல்லிய படலமாகவும் வருகிறது. அதை ஸ்டாம்புக்கு அடியில், கவரின் மடிப்பில் ஒளித்து அனுப்புகிறார்கள். செயற்கைக் கஞ்சா திரவத்தில் தாளை நனைத்து உலர்த்தி, அதில் கடிதம் எழுதி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் மெயில் ரூமில் இருப்பவருக்கு ஒவ்வொரு கறையும் சந்தேகம்தான். குழந்தை க்ரேயானில் வரைந்த படமும் சந்தேகம்தான்.

இது தெரிந்த பிறகுதான் சித்தியின் கடிதம் வந்தது.

ஜெயில் போனில் இந்தியாவுக்குப் பேச முடியவில்லை. என் போனில் அவன் பேசும்போது நான் சித்தியை இணைத்தால் அழைப்பு துண்டிக்கப்படும் என்று அறிவிப்பே சொல்லும். பதினைந்து நிமிஷம் அவன் என்னோடு பேசுவான், வைத்ததும் நான் சித்திக்குப் போன் போட்டு அவன் சொன்னதையெல்லாம் ஒப்பிப்பேன். சித்திக்கு அது போதவில்லை. "ஏம்மா, ரெண்டு பாக்கெட் கடலைமிட்டாய் மட்டும் அனுப்பக் கூடாதா? பிரிச்சுப் பார்த்துட்டே கொடுக்கட்டுமே" என்று கேட்டார். முடியாது சித்தி, கடிதம் மட்டும்தான் என்றேன். என் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொன்னேன். நல்ல வேளை, அப்படிச் சொன்னேன்.

ஏப்ரல் 12-ம் தேதி வந்த கவரைப் பிரித்தபோது நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியது. மேலே பிள்ளையார் சுழி. நான்கு மூலையிலும் மஞ்சள். தாளுக்குள்ளே தினசரித் தாளை மடித்து ஒரு சின்னப் பொட்டலம். திறக்காமலேயே தெரிந்துவிட்டது. கழுகுமலைத் திருநீறு.

பிள்ளைக்குத் தாய் அனுப்ப நினைத்ததில் அதைவிடச் சுத்தமான பொருள் ஒன்று இருக்க முடியாது. ஆனால் அமெரிக்க ஜெயிலுக்கு வந்த கவரிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். மெயில் ரூமைக் காலி செய்வார்கள், முகமூடி போட்டு ஆள் வருவார்கள், விசாரணை அவன் பெயரில் போகும். பொட்டலத்தை எடுத்து என் பூஜை அலமாரியில் வைத்தேன்.

கடிதம் இருந்தது. மஞ்சளும் கறைதான். மூலக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் எடுத்து அனுப்பலாமா என்று யோசித்தேன், ஜெராக்ஸ் கூடாது என்று விதி இருந்தது. கடைசியில் கத்தரிக்கோலை எடுத்து நான்கு மூலைகளையும் வெட்டினேன். மூன்று மூலையில் எழுத்து இல்லை. நான்காவதில், கீழே வலப்பக்கம், "இப்படிக்கு அம்மா" என்று முடித்திருந்தார். எவ்வளவு ஒட்டி வெட்டியும் கடைசிக் கால் போய்விட்டது. "அம்ம" என்று நின்றது. வெட்டிய நான்கு துண்டுகளையும் திருநீற்றுப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்தேன்.

அந்தக் கடிதம் பன்னிரண்டு நாள் மெயில் ரூமில் கிடந்தது. மொழி தெரியாதது ஒரு காரணம், மேலே இருந்த சுழி இன்னொரு காரணம். ஏதாவது கும்பலின் அடையாளமோ என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு நாள் ஓர் அதிகாரி அவனைக் கூப்பிட்டு, கடிதத்தை மேஜையில் வைத்து, என்ன எழுதியிருக்கிறது, வாசித்துச் சொல் என்றாராம். அம்மாவின் கடிதத்தை முதல் தடவை வாசித்தது அப்படித்தான், நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே. ஒரே ஒரு வரியை மட்டும் மொழிபெயர்க்காமல் தாண்டிவிட்டானாம். எந்த வரி என்று நான் கேட்கவில்லை. அன்று மாலை போனில் அவன் கேட்டது வேறு: "அக்கா, மூலையில மஞ்சளா?"

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தமிழில் எழுதுவேன், மேலே ஆங்கிலத்தில் நான்கு வரியில் சாரம் எழுதிவிடுவேன். எங்கள் ஜெயிலில் அது வேலை செய்தது, தாமதம் குறைந்தது.

சரி, என்ன எழுதுவது? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எழுதக் கூடாதது ஒன்றே ஒன்று, வழக்கு. நடந்தது என்ன, யார் என்ன சொன்னார்கள், வக்கீல் என்ன நினைக்கிறார், எதுவும் கூடாது. வக்கீலின் கடிதத்தை வேறு மாதிரி நடத்துவார்கள். 1974-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, திறந்தாலும் கைதியின் கண் முன்னால் திறந்து சோதிப்பதே வழக்கம். நம் கடிதத்தை யாரும் படிக்கலாம், பிரதி எடுக்கலாம், நீதிமன்றத்தில் காட்டலாம். தைரியமாக இரு, எல்லாம் நன்மைக்கே என்று பக்கம் பக்கமாக எழுதுவதையும் நான் ஒரு மாதத்தில் விட்டுவிட்டேன். அவன் பதில்களில் எதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்கிறான் என்று பார்த்தேன். பின்கட்டில் தக்காளி நட்டது, பக்கத்து வீட்டு நாய் வேலியில் சிக்கியது, என் மகள் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் தடுமாறுவது. இவற்றைத்தான் கேட்டான். உள்ளே ஜன்னல் உயரத்தில், பால்நிறக் கண்ணாடி. வெளியே ஒரு நாள் எப்படி நகர்கிறது என்பதுதான் அவனுக்குக் கிடைக்காதது. அதனால் தேதி போட்டு, மழையா வெயிலா என்று தொடங்கி, அன்றைய நாளை எழுதினேன். பக்கத்துக்கு எண் போட்டேன். வாரத்துக்கு இரண்டு, தவறாமல். அப்போது 63 சென்ட் ஸ்டாம்ப். நீளமாக ஒன்று எழுதி மாதம் முழுக்க விட்டுவிடுவதைவிட, சின்னதாக அடிக்கடி போடுவது எவ்வளவோ மேல். தபால் கொடுக்கும் நேரத்தில் தன் பெயர் வராமல் போகும் நாளைப் பற்றி அவன் எழுதியதை நான் மறக்க மாட்டேன்.

மே மாதம் எங்கள் ஜெயில் விதியை மாற்றியது. இனிமேல் கடிதத்தை ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது, வேறொரு மாநிலத்தில் இருக்கும் தபால் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு நிறுவனம் ஸ்கேன் செய்யும், தாளை அழித்துவிடும், கைதி டேப்லெட்டில் படித்துக்கொள்ளலாம். பென்சில்வேனியா 2018-ல் தன் மாநிலச் சிறைகளின் தபாலை ஃப்ளோரிடாவுக்குத் திருப்பிவிட்டது. கவுன்டி ஜெயில்களும் ஒவ்வொன்றாக இந்த வழிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அதே 2023 மார்ச்சில் கலிபோர்னியாவின் சான் மேட்டியோ கவுன்டி மேல் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். கைதி விடுதலையான பிறகும் கடிதங்களின் பிரதியை வருஷக்கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்பது அந்த வழக்கில் ஒரு குறை.

எனக்கு இதில் சமாதானம் இல்லை, இன்றைக்கும் இல்லை. போதைப்பொருள் உள்ளே போகக் கூடாது என்பது புரிகிறது. அதற்காகத்தானே நானே கத்தரிக்கோல் எடுத்தேன். ஆனால் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம், விளக்கு அணைத்த பிறகும் தொடலாம். டேப்லெட் அவன் இருந்த கூடத்தில் பத்துப் பேருக்கு மூன்று. இரவு சார்ஜ் போட எடுத்துப் போய்விடுவார்கள். ஒரு கடிதத்தில் மூன்றாம் பக்கம் வரவே இல்லை. இன்னொன்று முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. இன்னொரு சிக்கலை ஸ்கேன் செய்தவர்கள் யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். மெல்லிய பேனாவில் நான் வைத்த புள்ளிகள் எல்லாம் மறைந்துவிட்டன. "அக்கா, எல்லா மெய்யும் உயிர்மெய்யா வந்துருக்கு, ஊகிச்சு ஊகிச்சுப் படிக்கிறேன்" என்று எழுதினான். ஓலைச்சுவடியில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று வைக்காமல் எழுதினார்கள் என்பார்கள். அந்தச் சுவடிகளைப் படித்தவர்கள் பட்ட பாட்டை அவன் ஒரு டேப்லெட்டில் பட்டான். அடுத்த நாளே தடித்த முனை கறுப்பு ஜெல் பேனா வாங்கினேன். எழுதி முடித்துவிட்டு, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு புள்ளியையும் மறுபடி அழுத்தி வைத்துக்கொண்டு வருவேன். இரண்டு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும்.

இந்தக் கட்டுப்பாடுகளை ஒரேயடியாக நீதிமன்றம் விட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1974-ல் கலிபோர்னியா சிறைகளின் கடிதத் தணிக்கை வழக்கில், கடிதத்தைத் தடுப்பது கைதியை மட்டும் பாதிப்பதில்லை, எழுதிய வெளி மனிதரின் பேச்சுரிமையையும் பாதிக்கிறது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு வந்த தீர்ப்புகள் சிறை அதிகாரிகளுக்கு நிறைய இடம் கொடுத்துவிட்டன. ஆனாலும் 2013-ல் ஒரு நல்ல தீர்ப்பு வந்தது. அரிசோனாவின் மரிகோபா கவுன்டி 2007-ல் அஞ்சல் அட்டை மட்டும்தான் அனுப்பலாம் என்று தொடங்கி வைத்தது, அது பல கவுன்டிகளுக்குப் பரவியது. ஒரெகானின் கொலம்பியா கவுன்டி ஜெயிலில் அந்த விதி செல்லாது என்று மத்திய அரசு நீதிமன்ற நீதிபதி மைக்கேல் சைமன் தீர்ப்பளித்தார். முன்பின் தெரியாத யாரும் படிக்கும்படி திறந்து கிடக்கும் ஓர் அட்டையில் ஒரு மனைவி என்ன எழுதுவாள்? அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது என் உரிமையும் இதில் இருக்கிறது என்று முதல் தடவையாகத் தோன்றியது. திரும்பி வந்த கடிதத்துக்குக் காரணம் கேட்கவும் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு, வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிடாதீர்கள். நான் முதல் கடிதத்துக்குக் கேட்கவில்லை.

மே 29, மெமோரியல் டே விடுமுறை. ஐபிஎல் இறுதி ஆட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிப் போய், அகமதாபாத்தில் நள்ளிரவு தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இங்கே மதியம். சென்னைக்கு 15 ஓவரில் 171. அவனுக்குச் சின்ன வயசிலிருந்து சென்னைதான் உயிர். கூடத்து டிவியில் கிரிக்கெட் கிடையாது. முந்தின நாளே போனில் சொல்லி வைத்திருந்தான். "முடிவைப் போன்ல சொல்லாதீங்க அக்கா. லெட்டர்ல எழுதுங்க. போன்ல சொன்னா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

கடைசி ஓவருக்கு 13 வேண்டும். பந்துக்குப் பந்து எழுதினேன். முதல் பந்தில் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று, ஒன்று, ஒன்று. இரண்டு பந்தில் 10. ஜடேஜா சிக்ஸர். கடைசிப் பந்து ஃபைன் லெக் பக்கம் ஓடி நான்கு. அந்த ஒரு ஓவருக்கே ஒரு பக்கம் எழுதினேன், புள்ளி எல்லாம் அழுத்தி. அவன் கைக்கு அது ஜூன் 8-ம் தேதிதான் கிடைத்தது. பத்து நாளும் யாரிடமும் கேட்காமல் காத்திருந்திருக்கிறான். கிடைத்ததும் கூடத்தில் இருந்தவர்களுக்குச் சத்தமாக ஆங்கிலத்தில் சொல்லிக்காட்டினானாம். பேஸ்பால் தெரிந்தவர்களுக்கு ஓவர் என்றால் என்ன என்று விளக்கவே கால்மணி நேரம். கீழ்க் கட்டிலில் இருந்த வயதானவர் மட்டும், கடைசி இரண்டு பந்தை மறுபடி சொல் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

ஜூலையில் விட்டார்கள். இரவு பதினொன்றரை மணிக்கு. பக்கவாட்டுக் கதவு வழியாக, கையில் ஒரு காகிதப் பையோடு வந்தான். மெலிந்திருந்தான். காரில் ஏறியதும் உள்விளக்கைப் போடச் சொன்னான். பையிலிருந்து எடுத்தது சித்தியின் அந்த ஒரு கடிதம்தான். விதி மாறிய பிறகு வந்ததெல்லாம் டேப்லெட்டோடு போயிற்று. மடித்து மடித்து மடிப்புகளில் துணி மாதிரி ஆகியிருந்தது. நான் பொட்டலத்தைக் கொடுத்தேன். திருநீறு பூசிக்கொண்டான். மூலைத் துண்டுகளில் வலது கீழ் மூலையைத் தேடி எடுத்து, தொடை மேல் கடிதத்தை விரித்து, அந்தக் காலைச் சேர்த்து வைத்துப் பார்த்தான். பிறகு போனைக் கேட்டான். கோவில்பட்டியில் அப்போது காலை ஒன்பது தாண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து ஒரு பெயரும் ஒரு நம்பரும் எழுதிய துண்டுத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். கீழ்க் கட்டில்காரர். ஐந்து மாதமாக அவருக்கு யாரிடமிருந்தும் தபால் வந்ததில்லை. "எழுதுங்க அக்கா. உங்களுக்குத்தான் விதியெல்லாம் தெரியுமே."

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தேதி போட்டேன். காலையில் மழை பெய்தது, தக்காளி பழுக்கத் தொடங்கிவிட்டது என்று தொடங்கினேன். முகவரியைக் கையால் எழுதினேன். மூன்று வாரம் கழித்து பதில் வந்தது, கட்டைப் பென்சிலில், அரைப் பக்கம். தக்காளி என்ன வகை என்று கேட்டிருந்தார். கீழே இன்னொரு கேள்வி: கடைசிப் பந்தில் நான்கு அடித்தாரே, அந்த இடதுகை ஆட்டக்காரர், அதற்கப்புறம் எப்படி ஆடினார்?